மூன்று மங்குத் தவிடும் ஒரு பெயரும்

ஜப்பான்காரர்கள் ஆட்சிக்கு வந்து இரண்டாவது ஆண்டு. ஜோகூரில் லாபிஸ் ரயில் நிலையத்திலிருந்து ஏழு கல் உள்ளே தள்ளியிருந்த ஒரு ரப்பர் தோட்டத்தில் நான் சின்னக் கிராணியாக, அதாவது ஆபீஸில் கணக்கும் பதிவும் எழுதுகிறவனாக இருந்தேன். அப்போது எனக்கு வயது இருபத்தாறு. இப்போது எண்பத்திரண்டு. கழித்துப் பார்த்தால் ஐம்பத்தாறு வருகிறது. என் மூத்த மகனின் வயதும் அதுதான். இது அவனுக்குப் பெயர் வைத்த கதை. இதில் ஒரே ஒரு பெயர்தான் வரும். மற்றவர்களின் பெயர்களை எழுதப்போவதில்லை. பெயர் எழுதுவதில் எனக்கு உள்ள பயம் இன்னும் முழுதாகப் போகவில்லை.

அந்தப் பயத்துக்குக் காரணம் உண்டு. அந்த ஆண்டு சயாமில் ரயில் பாதை போடுவதற்கென்று எங்கள் தோட்டத்திலிருந்து முப்பத்தொரு ஆண்களைக் கொண்டுபோனார்கள். யார் யார் என்று முடிவு செய்தது நானில்லை. ஆனால் முப்பத்தொரு பெயர்களையும் வரிசையாக, அடித்தல் திருத்தல் இல்லாமல், எழுதிக் கொடுத்தது என் கை. லாரி வந்த காலையில் ஒருவன் அந்தத் தாளை வாசித்தான். நான் எழுதிய வரிசையிலேயே ஆட்கள் ஏறினார்கள். அன்றிலிருந்து ஒரு பெயரைத் தாளில் எழுத வேண்டுமென்றாலே எனக்கு விரல் கூசும். எழுதிவிட்டால் எங்கிருந்தோ யாரோ கூப்பிட்டுவிடுவார்கள் என்று நினைப்பு.

வீட்டிலும் அதே நிலைதான். என் முதல் பிள்ளை ஆண். எங்கள் வழக்கப்படி அவனுக்கு என் அப்பாவின் பெயரை வைத்தேன். ஒன்பது எழுத்துப் பெயர். பத்தொன்பது நாள் இருந்தான். அடுத்தது பெண். என் அம்மாவின் பெயர். ஐம்பத்து மூன்று நாள். காய்ச்சல் என்றார்கள். தோட்டத்து ஆஸ்பத்திரியில் கட்டில்கள் மட்டும்தான் இருந்தன, மருந்து இல்லை. பெற்றவர்களை மறுபடியும் மண்ணில் வைத்த மாதிரி இருந்தது எனக்கு. என் மனைவி தொட்டில் கட்டிய கயிற்றை மட்டும் அவிழ்த்து அடுப்பில் போட்டாள்.

மூன்றாவதாக இவன் பிறந்தான். ஆற்றுக்கு அந்தப் பக்கத்துக் கம்பத்திலிருந்து, அதாவது மலாய்க்காரர்களின் கிராமத்திலிருந்து, ஒரு மருத்துவச்சி வந்து பிரசவம் பார்த்தார். ஐம்பது வயதிருக்கும். குரல் பெரியது, கை சிறியது. எல்லாரும் அவரை ‘மாக் பீடான்’ என்றுதான் கூப்பிடுவோம். மருத்துவச்சி அம்மா என்று அர்த்தம். பிள்ளையைத் துடைத்து என் கையில் கொடுத்துவிட்டு, “எண்ணிக்கோ கிராணி, பத்து விரலும் இருக்கு” என்றார். நான் எண்ணுகிற ஆள் என்பது ஆற்றுக்கு அந்தப் பக்கம் வரை தெரிந்திருந்தது. நான் உண்மையிலேயே எண்ணினேன்.

பதினாலு நாள் வரை பெயர் வைக்கவில்லை. என் மனைவி விடவில்லை.

“பேர் வெச்சதுங்க ரெண்டும் போயிருச்சுங்க. இவன் இப்படியே இருக்கட்டும்” என்பாள்.

ஆனால் ஆபீஸில் விடவில்லை. அரிசி அளப்பது வீட்டுக்கு எத்தனை தலை என்ற பட்டியலின்படி. நான் என் வீட்டு வரியில் மூன்றாவது தலைக்கு ‘ஆண் குழந்தை’ என்று எழுதி அனுப்பியிருந்தேன். அது சிவப்புப் பென்சில் சுழியோடு திரும்பி வந்தது.

“பேர் இல்லாத வாய்க்கு அரிசி இல்லையாம்யா” என்றார் பெரிய கிராணி. “நாளன்னைக்குச் சாயங்காலம் லிஸ்ட் போகுது. ஏதாவது ஒரு பேர் எழுதுலா. பேருக்கா பஞ்சம்?”

அரிசி என்று பேர்தானே தவிர, அது மூன்று கைப்பிடி. அந்த மூன்று கைப்பிடிதான் என் மனைவிக்குப் பால். எழுதினால் பிள்ளை போய்விடுமோ என்று பயம். எழுதாவிட்டால் பால் போய்விடும்.

எங்கள் வீட்டு வரிசையில், அதாவது லயத்தில், மண்டோரின் மனைவி ஒருத்தி இருந்தாள். பால்வெட்டு ஆட்களை மேய்க்கும் மண்டோர் வெளியில் கத்துவார், வீட்டில் அவள் கத்துவாள். அவள்தான் அந்த யோசனையைச் சொன்னாள்.

“தவிட்டுக்குக் குடுத்துடுங்க, கிராணியய்யா.”

இளம் வாசகர்களுக்கு இது தெரியாமல் இருக்கலாம். பிள்ளைகள் தங்காத வீட்டில், பிறந்த பிள்ளையை வேறொரு பெண்ணுக்கு விற்றுவிடுவார்கள். விலை, கொஞ்சம் தவிடு. வாங்கியவள்தான் பெயர் வைக்க வேண்டும். பிறகு பெற்றவர்கள் அதே தவிட்டைத் திருப்பிக் கொடுத்துப் பிள்ளையை மீட்டுக்கொள்வார்கள். பிள்ளையைத் தேடி வரும் கெட்ட காலம், ‘இது அந்த வீட்டுப் பிள்ளை இல்லை’ என்று ஏமாந்து போய்விடும் என்று நம்பிக்கை.

நான் ஏழாம் வகுப்பு வரை ஆங்கிலம் படித்தவன். வேறு சமயமாக இருந்தால் சிரித்திருப்பேன்.

“யாருக்குக் குடுக்கிறது?” என்று கேட்டேன்.

“ஒரு பிள்ளைகூடச் சாகாத பொம்பளையா இருக்கணும். குறைஞ்சது மூணு பெத்திருக்கணும். அப்புறம் இன்னொன்னு. விளையாட்டுக்குத் தர்றோம்னு வாயால சொல்லிடாதீங்க. சொன்னா பலிக்காது. மனசாரக் குடுக்கிற மாதிரிதான் குடுக்கணும்.”

இந்தக் கடைசி வாக்கியத்தை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ளவும். என் வினையெல்லாம் அதிலிருந்துதான்.

மறுநாள் ஆபீஸில் பிறப்பு இறப்புப் பதிவை எடுத்து வைத்துக்கொண்டு கணக்குப் போட்டேன். நாலு லயம், நாற்பத்தெட்டு வீடு. பிள்ளை பெற்ற பெண்கள் முப்பத்து மூன்று. அவர்களில் ஒரு பிள்ளையையும் பறிகொடுக்காதவர்கள் எத்தனை பேர் என்று விரலை வைத்துக்கொண்டே வந்தேன். இரண்டு பேர். ஒருத்திக்கு ஒரே பிள்ளை. இன்னொருத்தியின் புருஷன் சயாமில். ஏழு மாதமாக ஒரு சேதியும் இல்லை. அவளிடம் போய் மங்கல காரியம் என்று நிற்க எனக்கு முகமில்லை. அந்த லாரித் தாளில் அவன் பெயர் பன்னிரண்டாவது.

ஆக, ஒருவரும் இல்லை. முப்பத்து மூன்று பேரில் ஒருவரும் இல்லை. பதிவை மூடி வைத்தேன். அந்தப் புத்தகத்தில் அத்தனையையும் எழுதியவன் நான். ஆனால் ஒரு வரிசையாக அதைப் பார்த்தது அன்றுதான்.

அப்போதுதான் மாக் பீடான் நினைவுக்கு வந்தார். ஏழு பெற்றவர். ஏழும் இருக்கிறது.

மண்டோரின் மனைவி ஒரு கணம்தான் யோசித்தாள். “மலாய்க்காரங்களா? அதனால என்ன? ஏழும் எருமக் கன்னு மாதிரி இருக்குதுங்கல்ல, அது போதும்” என்றாள்.

மாக் பீடான் என் மனைவிக்கு எண்ணெய் தேய்த்துவிட அன்று மதியம் வந்தார். கிளம்பும்போது வாசலில் மறித்துச் சொன்னேன். நாங்கள் மலாயில்தான் பேசினோம், தமிழில் எழுதுகிறேன்.

“மாக், இந்தப் பிள்ளையை நீங்க எடுத்துக்குங்க. நீங்களே ஒரு பேர் வைங்க.”

அவர் என்னையே பார்த்தார். “மனசாரத்தான் சொல்றியா?”

“மனசாரத்தான்.”

“அவளுக்குச் சம்மதமா?”

“சம்மதம்.”

“உனக்கு ஏதாவது வேணுமா?”

“கொஞ்சம் தவிடு குடுங்க, மாக். அது போதும்.”

அவர் கண் கலங்கியது. என் கையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு, “நாளைக்குக் கொண்டு வா” என்றார். இத்தனை காலம் தமிழர்களுக்குப் பிரசவம் பார்த்தவர், நம் வழக்கமெல்லாம் தெரிந்தவர், எவ்வளவு உருக்கமாக நடந்துகொள்கிறார் என்று நினைத்தேன். நிம்மதியாகக்கூட இருந்தது. என் வாழ்க்கையில் நான் நிம்மதியாக இருந்த நேரங்கள் குறைவு. அவற்றில் பாதி இப்படித் தவறான நிம்மதி.

பதினாறாம் நாள் காலை. ஆபீஸ் கடிகாரம் டோக்கியோ நேரம் காட்டும், ஒன்பதரை. எங்கள் பழைய நேரப்படி எட்டு. நல்ல நேரத்தை எந்தக் கடிகாரத்தில் பார்ப்பது என்பதில் அரை மணி குழம்பிவிட்டு, வானத்தையே நம்பிப் புறப்பட்டோம். லயத்திலிருந்து ஆற்றுக்கு ஆயிரத்து நூற்று நாற்பது அடி. பாலத்தைப் போரில் உடைத்துவிட்டதால் இரண்டு தென்னைமரத் துண்டுகளைப் போட்டிருந்தார்கள். பெற்றவள் கண்ணால் பார்க்கக் கூடாது என்று சொல்லியிருந்ததால், என் மனைவி இந்தக் கரையிலேயே நின்றாள். பால் கொடுத்து முடித்து, பிள்ளையை என் கையில் வைத்தாள்.

“சாயங்காலம் வரைக்கும் வீட்டுல போய் இரு” என்றேன்.

“இங்கயே இருக்கேன்.”

“வெயில் ஏறும்.”

“ஏறட்டும்ங்க. நீங்க கீழ பாத்து நடங்க.”

எனக்கு நீச்சல் தெரியாது. இருபத்து மூன்று எட்டு வைத்து அக்கரை சேர்ந்தேன். அங்கிருந்து முன்னூற்றுப் பன்னிரண்டு அடியில் மாக் பீடானின் வீடு. ஐந்து படி. அவர் மேல்படியில் நின்று பிள்ளையை வாங்கிக்கொண்டார். நான் கொண்டுபோன ரப்பர் பால் மங்கை நீட்டினேன். மரத்தில் கட்டிப் பால் பிடிக்கிற, களிமண்ணில் சுட்ட அந்தக் கிண்ணத்தால் அவர் மூன்று முறை தவிட்டை அளந்து என் துணியில் கொட்டினார். அவர்கள் வீட்டிலேயே இடித்த மேட்டு நெல்லின் தவிடு. பிறகு ஒரு கூடை சர்க்கரைவள்ளிக் கிழங்கையும் தூக்கி வைத்தார்.

“இதெல்லாம் வேண்டாம், மாக். தவிடு மட்டும்தான்.”

“எடுத்துக்கோ கிராணி. வெட்கப்படாதே. பசிக்கு என்ன வெட்கம்?”

அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. கிழங்கை வைத்துவிட்டுத் தவிட்டு மூட்டையோடு திரும்பினேன். என் மனைவி என்னைப் பார்க்கவில்லை. என் கையைப் பார்த்தாள். பிறகு ஒரு ரம்பூத்தான் மரத்தடியில் உட்கார்ந்தாள்.

அன்று ஆபீஸில் நான் போட்ட கூட்டல் எதுவும் சரியாக வரவில்லை. ஒரு பிள்ளையை இன்னொரு வீட்டில் பால் இல்லாமல் விட்டுவிட்டு வந்திருக்கிறேன். அழுமே? பட்டியல் மேசையில் கிடந்தது. என் வரியில் மூன்றாவது தலைக்கு எதிரே காலி இடம். எழுதப்போவது மலாய்ப் பெயராகத்தான் இருக்கும். ‘கிராணி பிள்ளையை மாத்திட்டான்’ என்று லயத்தில் பேசுவார்களே? நாளை எந்தக் கோயிலில் இவனுக்கு அர்ச்சனை செய்வார்கள்? எவன் பெண் கொடுப்பான்? பதினாறு நாள் பிள்ளைக்குப் பெண் கிடைக்குமா என்று கவலைப்பட்டவன் அந்த ஜோகூரில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

ஆபீஸ் கடிகாரத்தில் ஐந்தானதும் கிளம்பினேன். தவிட்டு மூட்டை கையில். மறுபடி ஆற்றைக் கடந்து போனால், மாக் பீடான் வீட்டுப் படியடியில் மரக்கட்டைச் செருப்புகள். பதினொரு ஜோடி. கோழிக் குழம்பு வாசனை. இவ்வளவு பேர் எதற்கு என்று நினைத்துக்கொண்டே ஏறினேன்.

வீட்டின் நடுவில் ஒரு தொட்டில் தொங்கியது. புத்தம் புது பாத்திக் சாரோங்கில் கட்டிய தொட்டில். அந்தக் காலத்தில் துணியே கிடையாது. சாக்கைக் கட்டிக்கொண்டு வேலைக்கு வந்தவர்களை நான் பெயர் சொல்லி அழைத்து வருகை குறித்திருக்கிறேன். அப்படி இருக்க, மடிப்புக் கலையாத சாரோங். பெருநாளுக்கு உடுத்த வைத்திருந்ததாம். மஞ்சள் போட்டுச் சமைத்த புளுட் என்ற பசையரிசிச் சோறு ஒரு தட்டில் மலைபோல் இருந்தது. முட்டையிடுகிற ஒரே கோழியை அறுத்திருந்தார்கள். மாக் பீடானின் கடைசி மகள் ஒரு மூலையில் உட்கார்ந்து, ஒரு மடியில் தன் எட்டு மாதப் பெண்ணையும் மறு மடியில் என் மகனையும் போட்டுக்கொண்டு பால் கொடுத்து முடித்திருந்தாள். என் மகனின் வாயோரத்தில் பால் வழிந்துகொண்டிருந்தது. பதினாறு நாளாகக் காலிச் சுருக்குப்பையைப் போல ஒட்டிக் கிடந்த வயிறு, அன்று உருண்டு நின்றது.

“வா கிராணி, வா! நல்ல நேரத்துக்கு வந்தே” என்று மாக் பீடான் கூப்பிட்டார். “பெத்தவன் இல்லாம செய்யறோமேன்னு எனக்கு ஒரு மாதிரியா இருந்தது.”

கம்பத்துப் பெரியவர் ஒருவர் பிள்ளையின் நீண்ட ஆயுளுக்காகத் துஆ ஓதினார். ஒரு இளநீரின் தலையைப் பூப்போலச் சீவி ஒருவர் ஏந்திக்கொண்டிருந்தார். பிள்ளையின் முடியில் சிறிது கத்தரித்து அந்த இளநீரில் போட வேண்டும், ஏழு பேர். அவர்களின் பெயர்சூட்டு வழக்கம் அது.

எங்கள் குடும்பத்தில் பிள்ளையின் முதல் முடி குலதெய்வத்துக்கு. அதைச் சொல்ல வாய் திறந்தேன். அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. இவர்கள் சாயங்காலம் திருப்பிக் கொடுப்பதற்காக இதையெல்லாம் செய்யவில்லை. பக்கத்துத் தோட்டத்தில் அந்த மாதம் மட்டும் இரண்டு குடும்பம் சோறில்லாமல் பிள்ளையைத் தானம் கொடுத்திருந்தது. என்னையும் அப்படித்தான் நினைத்திருக்கிறார். தவிடு கேட்டேன் அல்லவா? தின்னக் கேட்கிறேன் என்று நினைத்திருக்கிறார். நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொன்னால் பலிக்காது என்று வாயைக் கட்டிக்கொண்டேன். நம்மில் ஒருத்தியாக இருந்தால் சொல்லாமலே தெரியும். இவருக்கு எப்படித் தெரியும்?

பெரியவர் முதல் முடியைக் கத்தரித்தார். ஒன்று. பேச வேண்டும் என்று நினைத்தேன். பக்கத்திலிருந்தவர் கத்தரித்தார். இரண்டு. பதினொரு பேரும் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். மூன்று. ஆற்றங்கரையில் அவள் வெயிலில் உட்கார்ந்திருக்கிறாள். நான்கு. ஐந்து. இவ்வளவு நேரம் சும்மா இருந்துவிட்டு இனி எப்படிச் சொல்வது? ஆறாவது, மாக் பீடான். கத்தரித்துவிட்டுக் கத்தரியை என்னிடம் நீட்டினார்.

“ஏழாவது நீதான் கிராணி. பேர் அவாங்னு வெச்சிருக்கேன். உன் முந்தின பிள்ளைங்களுக்குக் கனமான பேர் வெச்சுட்டே. தாத்தா பேர், பாட்டி பேர். பிஞ்சுங்க எப்படித் தூக்கும்? அவாங் எங்க வீடுகள்ல எந்தப் பையனையும் கூப்பிடற பேர். இறகு மாதிரி. யார் கண்ணும் படாது.”

கத்தரி என் கையில் இருந்தது. நான் அழ ஆரம்பித்தேன். அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். தவிடு, கெட்ட காலம், ஏமாற்றுவது, முப்பத்து மூன்று பெண்கள், விளையாட்டு என்று சொல்லக் கூடாது என்பது, சாயங்காலம் மீட்டுக்கொள்வது. மலாய் குளறியது. ஆனால் புரியாமல் போகவில்லை.

மூலையில் இருந்த மகள் என் பிள்ளையின் மேல் கையை வைத்துக்கொண்டாள்.

“ஒரு நாளைக்கா குடுத்தே?” என்றார் மாக் பீடான்.

“ஆமா, மாக்.”

“நான் என்ன மரமா, கிராணி? துணியைக் கட்டிட்டு வேண்டிக்கிட்டுப் போறதுக்கு?”

நான் தலை குனிந்து நின்றேன்.

“அப்போ என் பேர் வேணும். நான் வேண்டாம்.”

அவர் கேட்டது கோபமாகக்கூட இல்லை. கணக்கில் விட்டுப்போனதை எடுத்துக் காட்டுவது போலக் கேட்டார்.

“அவ எங்கே?”

“ஆத்தங்கரையில.”

“எப்போலேர்ந்து?”

“காலையிலேர்ந்து.”

“அலமாக்! பதினாறு நாள் பிள்ளைக்காரியையா?” அவர் எழுந்துவிட்டார். பிள்ளையைத் தூக்கினார், தொட்டிலை அவிழ்த்து அந்த சாரோங்கிலேயே சுற்றினார், படியிறங்கினார். மகளும் தன் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு பின்னாலேயே வந்தாள். நான் தவிட்டை எடுத்துக்கொண்டு ஓடினேன். தென்னைமரத் துண்டின் மேல் மாக் பீடான் தரையில் நடப்பது போல நடந்து போனார். நான் கடைசியாகத் தட்டுத்தடுமாறிக் கரையேறினேன்.

என் மனைவி எழுந்து நின்றாள். ரவிக்கை முன்பக்கம் முழுதும் பால் நனைந்திருந்தது. மாக் பீடான் அவளை உட்கார வைத்து, பிள்ளையை மடியில் போட்டார்.

“முதல்ல குடு. சண்டை அப்புறம் போடலாம்.”

வயிறு நிறைந்த பிள்ளை குடிக்கவில்லை. முகத்தை வைத்துக்கொண்டு தூங்கியது. என் மனைவி நிமிர்ந்து அந்த மகளைப் பார்த்தாள். அந்த மகளின் ரவிக்கையிலும் அதே ஈரம். அவள் கேட்காமலே விளங்கிக்கொண்டாள். நான் நடந்ததைத் தமிழில் சொன்னேன். அவள் என்னைப் பார்த்த பார்வையை விவரிக்கப் போவதில்லை.

“கிராணி, கத்தரியையாவது திருப்பிக் குடுப்பியா, அதுவும் தவிட்டுக்குத்தானா?” என்று மாக் பீடான் கேட்டார்.

அப்போதுதான் பார்த்தேன். ஒரு கையில் தவிட்டு மூட்டை, ஒரு கையில் கத்தரி. விரித்தபடியே பிடித்துக்கொண்டு அந்த மரத் துண்டின் மேல் ஆற்றைக் கடந்து வந்திருக்கிறேன். முதலில் அந்த மகள் சிரித்தாள். பிறகு மாக் பீடான். என் மனைவி சிரித்துக்கொண்டே அழுதாள், அல்லது அழுதுகொண்டே சிரித்தாள்.

“உங்க வழக்கம் என்ன? அதைச் செய்” என்றார் மாக் பீடான்.

நான் மூட்டையை அவிழ்த்து நீட்டினேன். “தவிட்டை நீங்க வாங்கிக்கணும். பிள்ளை எங்களுக்கு. நீங்க வெச்ச பேர் அவனுக்கு.”

அவர் தோள் துணியை ஏந்தினார். நான் கொட்டப் போனேன். என் மனைவி என் கையைப் பிடித்தாள். மூட்டையை வாங்கி, அவளே கொஞ்சத்தைச் சாய்த்து மாக் பீடானின் துணியில் கொட்டினாள். மிச்சத்தைத் தன் முந்தானையில் போட்டு முடிந்துகொண்டாள்.

“பாதிப் பிள்ளையைத்தான் திருப்பி வாங்குறேன்னு சொல்லுங்க” என்றாள். “மீதிப் பாதிக்கு அவன் அவங்க பிள்ளைதான். எப்பவும். இதை நான் மீட்க மாட்டேன்னு சொல்லுங்க.”

நான் மலாயில் சொன்னேன். மாக் பீடான் துணியில் இருந்த தவிட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு குனிந்து என் மனைவியின் உச்சியை முகர்ந்தார். அவர்களின் முத்தம் அப்படித்தான். என்னைப் பார்த்து, “ஏழாவது முடி பாக்கி” என்றார்.

குலதெய்வத்திடம் மனசுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு கத்தரித்தேன். நாலைந்து மயிர்கூட வந்திருக்காது. இளநீர் வீட்டில் இருந்ததால் முடியை ஆற்றில் விட்டோம்.

கிளம்பும்போது அந்த மகள் தன் பெண்ணைத் தூக்கிக் காட்டிச் சொன்னாள்: “கிராணி, ரெண்டும் ஒரே பால் குடிச்சதுங்க. எங்க மார்க்கத்துல இனி அக்கா தம்பி. பின்னால என் பொண்ணைக் கேட்டு வந்துடாதே!”

காலையில் இவனுக்குப் பெண் கிடைக்குமா என்று கவலைப்பட்டவன் நான். சாயங்காலத்துக்குள் ஒரு பெண் கழிந்துபோனாள்.

ஆபீஸுக்கு ஓடி, பட்டியலில் காலி இடத்தில் எழுதினேன். அவாங். தகப்பன் என்ற அடுத்த கட்டத்தில் என் பெயர். பெரிய கிராணி கண்ணாடியை ஏற்றிப் பார்த்துவிட்டு, “என்னய்யா இது?” என்றார். “பேருங்க” என்றேன். அந்த முப்பத்தொரு பெயர்களுக்குப் பிறகு, விரல் கூசாமல் நான் எழுதிய முதல் பெயர் அது.

பிள்ளை தங்கினான். பெயராலா, தவிட்டாலா, அந்த மகள் அடுத்த மூன்று மாதம் ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஆற்றைக் கடந்து வந்து கொடுத்த பாலாலா என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. நெற்றியில் திருநீற்றோடு பள்ளிக்கூடம் போய், ‘அவாங்’ என்று கூப்பிட்டதும் எழுந்து நின்ற பிள்ளை அவன் ஒருவன்தான். அடையாள அட்டை எடுக்கப் போனபோது, பெண் பார்க்கப் போனபோது, வங்கியில், ஆஸ்பத்திரியில், எல்லா இடத்திலும் விளக்கம் சொல்ல வேண்டியிருந்தது. நான் எண்ணிய வரையில் நூற்று நாற்பது தடவை; பிறகு விட்டுவிட்டேன். வேறு பெயர் மாற்றிக்கொள்கிறாயா என்று ஒரு முறை கேட்டேன். “மாக் கோவிச்சுக்குவாங்கப்பா” என்றான்.

போர் முடிந்து பல ஆண்டுகளுக்குப் பிறகு மாக் பீடான் காலமானார். சேதி கேட்டு அவனும் நானும் போனோம். துக்கத்துக்கு வந்திருந்த வெளியூர்க்காரர் ஒருவர், அம்மாவுக்கு மொத்தம் எத்தனை பிள்ளைகள் என்று மூத்த மகனிடம் கேட்டார். அவர் திரும்பி, வாசலில் வேட்டியோடு நின்ற என் மகனைப் பார்த்துவிட்டு, “எட்டு” என்றார்.

எதையும் எண்ணிப் பார்த்தே பழகியவன் நான். ஆனால் அன்று என் மனைவி கண்ணளவில் கொட்டிய தவிடு சரிபாதிதானா, கூடவா, குறைவா என்று எனக்குத் தெரியாது. இந்த ஐம்பத்தாறு ஆண்டுகளில் நான் அளந்து பார்க்க நினைக்காத ஒன்று அது மட்டும்தான்.